முத்திரை குத்தும் கை



சென்ற மாதம் இலுப்பைக்கடவையில் அஸர் தொழுதுவிட்டு வரும்போது ஒரு தாய் என்னை நிறுத்தினார். "மௌலவி, மகன் போனில ஒரு கேம் விளையாடுறான். லஞ்சம் வாங்குறான், ஆட்களைப் பிடிச்சுக் குடுக்கிறான். கேட்டால் 'அது என்ட வேலை உம்மா' என்கிறான். ஒருக்கா வந்து சொல்லுங்க" என்றார்.

கண்டிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். மறைப்பானேன்?

அந்த விளையாட்டின் பெயர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூக்கஸ் போப் என்ற அமெரிக்கர் 2013இல் வெளியிட்டது. ஆண்டு 1982. ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாடு. அங்கே ஒருவனுக்குச் சீட்டுக் குலுக்கலில் அரசாங்க வேலை விழுகிறது. எல்லைச் சாவடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு, வருபவரின் கடவுச்சீட்டைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். ஒருவரைச் சரியாகப் பார்த்து முடித்தால் ஐந்து காசு. பிழை விட்டால் இரண்டு தடவை எச்சரிக்கை, பிறகு சம்பளத்தில் வெட்டு. மாலையில் வீட்டுக் கணக்கு வரும்: வாடகை, சாப்பாடு, குளிருக்கு அடுப்பு, யாருக்கேனும் நோயென்றால் மருந்து. மனைவி, மகன், மாமியார், மாமா என்று நாலு பேர் அவன் கையை எதிர்பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் மாதக் கடைசி எப்படியோ, அங்கே ஒவ்வொரு இரவும் அப்படி.

ஒரு நாள் ஒருவன் வருகிறான். கடதாசிகள் எல்லாம் சரி. போகும்போது, "அடுத்து வருபவள் என் மனைவி, கருணை காட்டுங்கள்" என்கிறான். அவளிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. விட்டால் உங்கள் பெயரில் பிழை. விடாவிட்டால் அந்தக் குடும்பம் இரண்டாகிறது.

அந்த இடத்தில் பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் என்டா என்ன செய்வீங்க மௌலவி?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. அதன் பின் புத்தளத்தில் வளர்ந்தேன். எத்தனை சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியிருப்போம்! ஒரு சாவடியில், உம்மாவின் அட்டையில் ஓர் எழுத்துப் பிழை என்று சொல்லி ஒருவன் எங்களை வெயிலில் நிறுத்தி வைத்தான். அவனைவிட இளையவன் ஒருவன் வந்து, அட்டையைப் பார்த்தும் பாராதது போல், கண்ணாலேயே 'போங்கள்' என்றான். முதலாமவனை வருடக்கணக்காக மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். இரண்டாமவனை நான் நினைத்ததே இல்லை. அன்று மாலை அவனுக்கு எவ்வளவு வெட்டினார்கள்? அவன் வீட்டில் யாருக்கு மருந்து தேவைப்பட்டது?

துப்பாக்கி தூக்கிச் சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளை நான் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்வதில்லை. அங்கே கொன்றவனுக்குப் பசிப்பதும் இல்லை, கணக்குக் கேட்பாரும் இல்லை. இது வேறு. யூஸுஃப் நபியின் வரலாற்றில் அவரது சகோதரர்களைப் பாருங்கள். தகப்பனிடம் பொய் சொன்னவர்கள்தாம், பஞ்ச காலத்தில் குடும்பத்துக்குத் தானியம் தேடி மிஸ்ருக்கு நடந்தவர்களும். தவறு செய்தவனுக்கும் வீடு இருக்கிறது, வயிறு இருக்கிறது.

நம் தமிழிலும் இப்படி ஒன்று உண்டு. டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'. புத்தளத்தில் தங்கையின் மகள் கணினியில் விளையாட, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பாவும் கணவன் பாவலனும் தக்க வேலை கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஊருக்கே திரும்புவோமா என்ற பேச்சு நடக்கும்போது பிள்ளை உண்டாகிறது. தாய் தந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. விடுபட்டதை விளையாடுபவர் கண்டுபிடித்து இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். (புட்டுக் குழலுக்கு முன் தங்கை சும்மா இருப்பாளா? நாலு திருத்தம் சொன்னாள்.) மகன் கவின் வளர வளரத் தாய்மொழியைக் கூச்சமாக எண்ணுகிறான். தாய் சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். பிற்காலத்தில் அந்தக் குறிப்பேட்டை அவனே தட்டுத் தடுமாறி வாசிக்க நேர்கிறது. அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மார் எத்தனை பேர் இதை வாசிக்கிறீர்களோ!

அமெரிக்காவில் நடக்கும் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசை 2014இல் அந்தச் சாவடிக் கதையும், பத்து வருடம் கழித்து 2024இல் இந்தச் சமையலறைக் கதையும் பெற்றிருக்கின்றன.

பையனிடம் இரண்டே விஷயம் சொன்னேன்: பாங்கு சொன்னால் போனைக் கீழே வைக்க வேண்டும், இஷாவுக்குப் பின் தொடக்கூடாது. சரி என்றான். புறப்படும்போது, "அந்தப் பொம்புளைய உள்ளுக்கு விட்டியா?" என்று கேட்டேன்.

"முதல் தரம் விடல்ல மௌலவி. ராவெல்லாம் நித்திர வரல்ல. திரும்ப முதல்லேருந்து விளையாடி விட்டேன்."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொண்டு வந்து வைத்த தாய் அப்படியே நின்றார். "பொறகு," என்றார், "அந்தப் புள்ளைக்கு மருந்து வாங்கினியா?"