நலவாழ்வுப் பக்கம்: இதயத்துக்கு ஓய்வு தரும் இயந்திரம்

1976ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சீத்தா கேம்ப்பில் குடியேறிய இளந்தம்பதியர் இன்று எழுபது வயதைக் கடந்த பெரியவர்கள். இதய நோய் வாய்ப்படுவோர் பலர் இவ்வயதினரே. ஆகவே, இதயம் தளர்ந்தவர்க்குப் பொருத்தப்படும் 'எக்மோ' இயந்திரத்தைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று.

இச்சொல் தமிழர் வீடுகளில் பரவியது 2016 டிசம்பர் 4ஆம் நாளன்று. சென்னை அப்போலோ மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த முதலமைச்சர் செல்வி ஜெயலலிதாவுக்கு அன்று மாலை இதயத் துடிப்பு நின்றது, எக்மோ பொருத்தப்பட்டது. மறுநாள் இரவு அவர் காலமானார். 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் கொரோனா நோயால் நுரையீரல் பழுதுற்று, அதே இயந்திரத்தின் துணையோடு பல வாரங்கள் இருந்து, செப்டம்பர் 25ஆம் நாள் மறைந்தார். இதனால், "எக்மோ வைத்தால் முடிந்தது" என்று அஞ்சுவோர் உளர். "பணம் கட்டினால் இயந்திரம் உயிரைப் பிடித்து வைத்துவிடும்" என்று நம்புவோரும் உளர். இரண்டும் பிழை.

இயந்திரம் செய்வது இதுதான். பெரிய இரத்தநாளத்தில் தடித்த குழாயைச் செலுத்தி, அசுத்த இரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். அது மெல்லிய சவ்வுகள் கொண்ட செயற்கை நுரையீரலில் பிராணவாயுவைப் பெற்று, கரியமில வாயுவை நீக்கிக்கொண்டு, உடலுக்குத் திரும்புகிறது. நுரையீரல் மட்டும் பழுதானால் சிரை வழியாகவும், இதயமும் தளர்ந்திருந்தால் தமனி வழியாகவும் இரத்தத்தைத் திருப்பி அனுப்புவர். நல்ல இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. அவ்வேலையில் பெரும்பங்கை இயந்திரம் ஏற்பதால் இதயம் ஓய்வு பெறுகிறது. ஆனால் நோயை அது தீர்ப்பதில்லை. குழாயில் இரத்தம் உறையாதிருக்க மருந்து செலுத்த வேண்டும். அதனால் இரத்தக்கசிவு நேரலாம். பக்கவாதம், தொற்று, குழாய் செருகிய காலில் இரத்தவோட்டம் குன்றுதல் ஆகிய அபாயங்களும் உண்டு.

இதன் முன்னோடி, அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் ஏறத்தாழ இருபதாண்டுகள் உழைத்து உருவாக்கிய இதய நுரையீரல் இயந்திரம். 1953 மே 6ஆம் நாள், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் உயிரை அது 26 நிமிடம் தாங்கியது. அதற்குள் அவர் இதயத்திலிருந்த துளையை அடைத்தார். பெண் பிழைத்தாள். நம் பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1968 பிப்ரவரியில் டாக்டர் பி.கே. சென் இதய மாற்றுச் சிகிச்சை செய்தார். மாற்றி வைத்த இதயம் சில மணி நேரமே இயங்கியது. 1975இல் கலிபோர்னியாவில், பிழைப்புத் தேடி மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைத் தாய் ஒருத்தியின் பச்சிளங்குழந்தையை டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் எக்மோவில் வைத்தார். மூன்று நாட்களில் நுரையீரல் தேறிற்று, குழந்தை வாழ்ந்தது.

இவற்றால் விளங்குவது ஒன்று. எக்மோ ஒரு பாலம். அக்கரை உண்டானால் அது உயிர் காக்கும். அக்கரை இல்லையேல் நாட்களை மட்டும் நீட்டும். ஊர் நிலத்தை விற்கவும், தாலிக்கொடியை அடகு வைக்கவும் துணியுமுன் மருத்துவரிடம் வினவுக: பழுது இதயத்திலா, நுரையீரலிலா? அது தேறக்கூடியதா? தேறாவிடில் அறுவைக்கோ மாற்று இதயத்துக்கோ வழியுண்டா? மூளை நலமாக உள்ளதா? எத்தனை நாளில் மீண்டும் ஆராய்ந்து முடிவு சொல்வீர்கள்? இவ்வாறு கேட்பது பாசக் குறைவன்று. தேறும் வாய்ப்பு இல்லாதவர்க்கு, உரிய முறைகளின்படி உயிர்தாங்கும் கருவிகளை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2018இல் தீர்ப்பளித்துள்ளது.

செலவு சில நாட்களிலேயே பல லட்சம் ரூபாயை எட்டும். மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் நூற்றுக்குப் பத்துப் படுக்கைகளை வறியவர்க்கு இலவசமாகவும், மேலும் பத்தை நலிந்தோர்க்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. சேர்க்கும்போதே ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் கொண்டு சென்று, அங்குள்ள சமூகப் பணியாளரைக் காண்க.

எந்த இயந்திரமாயினும் மருத்துவமனையில்தான் இருக்கும். இதயம் நிற்பதோ பெரும்பாலும் வீட்டில். இரத்தவோட்டம் நின்ற சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். ஆகவே ஒருவர் நினைவிழந்து, மூச்சும் இயல்பாக இல்லையெனில், ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றொருவர் அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடு எலும்பின் மீது இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழம் அழுத்தட்டும். உதவி வரும்வரை நிறுத்தலாகாது. இதனை இளைஞர்கள் முறையாகப் பயின்று கொள்வார்களாக. நம் குறுகிய சந்துகளில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை, அந்தக் கைகளே நோயாளியின் இதயம்.