நம் ஊரும் நாடும்: நீர் பிரியும் பொம்மிடி



சென்னையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் இரயில் மொரப்பூரைக் கடந்ததும், தெற்கே சேர்வராயன் மலை நெருங்கி வருவதைக் காண்கிறோம். அம்மலையின் வடக்கு அடிவாரத்தில், தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் அமைந்த சிற்றூர் பொம்மிடி. வண்டி இங்கு நிற்கும் ஓரிரு நிமிடங்களில் இவ்வூரின் தனிச்சிறப்பு பலருக்கும் புலப்படுவதில்லை. இது நீர் பிரியும் நிலம்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அம்மலையில் பெய்யும் மழை இப்பக்கம் இரு வழிகளில் இறங்குகிறது. வாணியாறு, மலையடியில் 65 அடி உயர அணையில் தேங்கி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பகுதிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. அந்நீர் சாத்தனூர் அணையைத் தாண்டிக் கடலூர் அருகே கடலை அடைகிறது. வேப்பாடி ஆறோ மேற்கே திரும்பி, தொப்பையாறு என்னும் பெயருடன் தொப்பூர் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. மலைமுகட்டில் அருகருகே விழும் இரு துளிகளுள் ஒன்று கடலூருக்கும், மற்றொன்று தஞ்சை வயலுக்கும் போகக்கூடும்!

மனிதர் வகுத்த எல்லைகளோ பலமுறை மாறியுள்ளன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, குடியானவரிடமே நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடிகோலினர். 1862இல் சென்னையை மேற்குக் கரையின் பேப்பூருடன் இணைத்த இருப்புப்பாதை இவ்வழியே சென்றது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. நம் திருச்சபையிலும் 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டம் பிறந்தது. ஏட்டில் எழுதிய எல்லைகள் இவ்வாறு மாறின. மலை வகுத்த நீரெல்லை மட்டும் மாறவில்லை.

ஆயினும், இரண்டு ஆறுகளுக்கு இடையே இருந்தும் இம்மண் செழிப்பில் உறுதி பெற்றதன்று. அடியில் இருப்பது கடும்பாறை. மழைநீர் அதில் எளிதாக இறங்குவதில்லை. ஏரியில் தேங்கினால்தான் கிணறு ஊறும். மஞ்சளும் மரவள்ளியும் வெற்றிலைக்கொடியும் அந்த ஊற்றை நம்பியே நிற்கின்றன. அணைகள் நிரம்பி வழியும் ஆண்டும் உண்டு. தரை தெரிய வறளும் ஆண்டும் உண்டு. கிணறு வறண்டால், இதே இரயில் நிலையத்தில் மூட்டையுடன் நின்று பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் குடும்பங்கள் எத்தனை! தந்தை ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறிடத்திலுமாக வாழும் துயரத்திற்கு, தூர்ந்துபோன ஒரு வரத்துக்கால்வாயும் காரணமாகலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

மேட்டில் இருப்பவர் கால்வாயில் குப்பையைக் கொட்டினால், பள்ளத்தில் இருப்பவரின் ஏரி அதற்கு விலை கொடுக்கிறது. அவர் வேறு ஊரினர், வேறு மாவட்டத்தவர் என்பதை நீர் அறியாது. எனவே ஐப்பசி மழைக்கு முன், தெருவிற்கு ஒருவராவது மண்வெட்டியுடன் கூடி, நம் ஊர் ஏரியின் வரத்துக்கால்வாயைத் துப்புரவு செய்வோம். நம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, நம் ஊர் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைக் காட்டுவோம். சொந்த ஊரின் பூகோளத்தைக் கற்பிக்க இதனினும் நல்ல பள்ளி இல்லை.