மூன்று பெயர்களும் பெயரில்லாத ஒரு காலமும்

சென்னைக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி வட்டமாக எழுந்து நிற்கும் பழைய கட்டடம் ஒன்றை நம்மில் பலரும் அறிவோம். பெயர்ப்பலகையில் அது விவேகானந்தர் இல்லம். பேருந்து நடத்துநருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது இன்றும் ஐஸ் ஹவுஸ். இவ்விரண்டுக்கும் இடையில் ‘காசில் கெர்னன்’ என்றொரு பெயரும் அதற்கு இருந்தது. மூன்று பெயர்களும் அவ்வீட்டின் மூன்று காலங்களைச் சொல்கின்றன. நான்காவதாகவும் ஒரு காலம் உண்டு. அதற்குப் பெயர் இல்லை. அதை விட்டுவிட்டு இவ்வீட்டின் வரலாற்றை எழுதுவது, இடையில் ஏடுகள் உதிர்ந்த சுவடியை முழு நூலென்று பதிப்பிப்பதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். 1833இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தா வந்து சேர்ந்தது. பின்னர் பம்பாயிலும் சென்னையிலும் அதற்கான கிடங்குகள் எழுந்தன. விக்டோரியா அரியணையேறி ஐந்தாண்டுகள் கழிந்து, 1842இல் கட்டப்பட்ட சென்னைக் கிடங்கே நாம் இன்று காணும் கட்டடம். மூன்று நகரக் கிடங்குகளில் எஞ்சியிருப்பதும் இது ஒன்றுதான். அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1854இல் வெளிவந்த தம் ‘வால்டன்’ நூலில், தம் குளத்து நீரைச் சென்னைவாசிகளும் பருகுவதை எண்ணிப் பார்க்கிறார். இங்கே அதைப் பருக வாய்த்தவர்கள் வெள்ளை அதிகாரிகளும் செல்வர்களும்தாம் என்பதை நாம் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

பனிக்கிடங்கின் இலக்கணம் வீட்டின் இலக்கணத்திற்கு நேர் எதிரானது. கிடங்குக்கு வெயிலும் காற்றும் பகை. பருத்த சுவரே அதன் உயிர். வீட்டுக்கோ வெளிச்சம் வேண்டும், கடற்காற்று வேண்டும். 1870களில் சென்னையிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் கிடங்கின் தேவை அற்றுப்போயிற்று. உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை விலைக்கு வாங்கினார். வட்டச் சுவர்களில் சாளரங்களைத் திறந்து, தாழ்வாரங்களைச் சேர்த்து வீடாக்கினார். நீதிபதி கெர்னனின் பெயரையும் சூட்டினார். இன்று அக்கட்டடத்தில் நாம் வியக்கும் தோற்றம், மூலமாகிய கிடங்கின்மீது ஐயங்கார் எழுதிய உரை எனலாம். மூலமும் உரையும் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டாததே அதன் தனித்தன்மை.

1897 பிப்ரவரியில், மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் இவ்வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். அவ்வாண்டே சென்னை வந்த இராமகிருஷ்ணானந்தர் நிறுவிய மடம் 1907 வரை இங்கு இயங்கியது. 1963இல் விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி அவர் பெயர் இல்லத்துக்குச் சூட்டப்பட்டது. 1997இல் அரசு இதைக் குத்தகையாக இராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைத்தது. கட்டடம் இன்று செம்மையாக நிற்பதற்கு அந்த ஒன்பது நாள்களே காரணம் என்பதை மறுக்க இயலாது.

இனி அந்த நான்காவது காலம். சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) சிறுவயதிலேயே கைம்பெண்ணானவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1910களில் அவ்விடுதி இந்தக் கட்டடத்துக்கு வந்தது. 1917இல் கட்டடம் அரசுடைமையாயிற்று. தலை மழிக்கப்பட்டு, சமையலறை மூலையே உலகம் என்று விதிக்கப்பட்ட சிறுமியர் இங்கே பாடம் படித்தனர். கைம்பெண் எதிரே வந்தால் அபசகுனம் என்று தெருவே ஒதுங்கிய காலம் அது. வெயிலைத் தடுக்கக் கட்டிய சுவர், ஊர்ப் பேச்சைத் தடுக்க உதவியது. ஐயங்கார் திறந்த சாளரங்கள் அவர்களுக்குக் கடலைக் காட்டின. பலர் ஆசிரியைகளாகி வெளியேறினர். அருகிலேயே 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும் எழுந்தது.

தமிழ் நாவலில் இச்சிக்கலை முன்னரே எழுதியவர் அ. மாதவையா. 1903இல் வந்த ‘முத்துமீனாட்சி’யில் பால்ய விதவைக்கு மறுமணத்தின் வழியே விடிவு வருகிறது. சுப்புலட்சுமி காட்டியது வேறு வழி: கல்வி, சம்பளம், சொந்தக் கால். வகுப்பில் நாவலை விரிவாக நடத்துகிறோம். அந்த வீட்டைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. முதுகலை மாணவியரை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றபோது ஒருத்தி கேட்டாள்: “ஐயா, இங்க படிச்சவங்க பேரெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?” நாம் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அது பிராமணக் கைம்பெண்களுக்கான விடுதிதானே என்ற மறுப்பு எழலாம். உண்மை. அக்கதவு எல்லாப் பெண்களுக்கும் திறக்கவில்லை. அந்தக் குறையையும் சேர்த்தே வரலாறு எழுதப்பட வேண்டும். பெயர்ப்பலகையை மாற்றச் சொல்வதும் என் நோக்கமன்று. வந்து தங்கிய விருந்தினரைப் போலவே, அங்கே உண்டு உறங்கிப் படித்தவர்களையும் வீட்டின் உரிமையாளர்களாக நம் எழுத்து ஏற்க வேண்டும் என்பதே நான் வேண்டுவது.

இதைத் திருத்தணியிலிருந்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. எங்கள் ஊர் வரலாறென்றால் மலைக்கோயில், 1888இல் இங்கு பிறந்த இராதாகிருஷ்ணன், ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், 1960 ஏப்ரல் 1இல் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது ஆகியவற்றோடு முடித்துவிடுகிறோம். எங்கள் தெருக்களிலும் திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் இடிபட்டு வருகின்றன. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய அவ்வீடுகளில் வாழ்ந்த பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த அறையில் யார் இருந்தார்கள், யாருக்கு எந்த வாசல் மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தமிழ்த்துறைகள் ஆய்வேடுகளுக்குத் தலைப்புத் தேடி அலையும் காலத்தில், ஒரு மாணவர் ஒரு வீடு என்று எடுத்துக்கொண்டு அவர்கள் சொல்வதை எழுதிவைத்தால் என்ன? அதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு குறிப்பேடும் சில மாலைப் பொழுதுகளும் போதும்.