வளர்கிற பிள்ளைக்குப் பெரிய பையா?

பிள்ளையின் பாடசாலையிலிருந்து எடின்பரோ கோமகன் விருது பற்றிய கடிதம் வந்ததும் எம்மவர் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பிள்ளையை இரவிலே கூடாரத்தில் படுக்க விடுவதா என்பது ஒன்று. அதை ஆசிரியரோடு நேரில் பேசித் தெளிவு பெறலாம். கேளாமலே 'வேண்டாம்' என்று கடிதத்தை மடித்து வைக்க வேண்டாம். பெரிய முதுகுப்பை ஒன்றை எப்படித் தெரிவது என்பது மற்றது. இம்முறை அதைப் பார்ப்போம்.

1956 இல் தொடங்கிய இவ்விருதின் முதற்படி வெண்கலம். 14 வயதளவில் சேர்கிறார்கள். இரண்டு பகலும் ஓர் இரவும் வெளியே. கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் பிள்ளைகளே தமக்குள் பங்கிட்டுக் காவிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஊரில் நாம் கடகத்தைத் தலையில் வைத்தோம்; அரிசி மூட்டையைத் தோளில் போட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் கையிலும் தலையிலும் பாரத்தோடுதான் நடந்தது. இந்தப் பை வேறு விதம். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது இடுப்பெலும்பு. தோள்பட்டிகள் பையை முதுகோடு அணைத்துப் பிடிப்பதற்கே. வேட்டையாடிய மானின் இறைச்சியைக் காட்டிலிருந்து சுமந்து வரும் அமெரிக்க வேட்டைக்காரரும் இதே முறையில்தான் பாரத்தை இடுப்புக்கு இறக்குகிறார்கள்.

'வளர்கிற பிள்ளை, ஒரு அளவு பெரிசாய் வாங்குவோம்' என்பது சப்பாத்திலும் கோட்டிலும் எங்கள் வழக்கம். பையில் அது கூடாது. முதுகை விட நீளமான பையின் பட்டி இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கிவிடும். முழுப் பாரமும் தோளில் தொங்கும். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமானால் முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய பையைக் கேளுங்கள். பெண் பிள்ளைகளின் தோளுக்கும் இடுப்புக்கும் ஏற்ற வடிவிலும் பைகள் உண்டு.

பார்க்க வேண்டியது உயரத்தையல்ல, முதுகின் நீளத்தை. பிள்ளை தலையைக் குனியும்போது கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, பெருவிரல்களைப் பின்பக்கம் நீட்டச் சொல்லுங்கள். துருத்திய எலும்பிலிருந்து இரு பெருவிரல்களுக்கும் நடுவே வரும் இடம் வரை தையல் நாடாவால் அளவுங்கள். அந்த அளவோடு கடைக்குப் போங்கள்.

கடையில் வெறும் பையைப் போட்டுப் பார்த்துப் பயனில்லை. பாரம் வைத்துத் தரும்படி கேட்கலாம். பட்டிகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டுப் பையைப் போடட்டும். முதலில் இடுப்புப் பட்டி. அதன் நடு, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இருக்க வேண்டும். அடுத்துத் தோள்பட்டி, தோளுக்கும் பட்டிக்கும் இடையில் வெளி தெரிந்தால் பை நீளம். பின்பு தோளுக்கு மேலுள்ள சிறு பட்டிகள், கடைசியாக மார்புப் பட்டி. தோளுக்கும் பட்டிக்கும் நடுவே விரலை நுழைக்க முடியாதபடி பாரம் அழுத்தினால் மீண்டும் இடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

அடுக்கும்போது படுக்கைப் பை அடியில். சாப்பாடு, அடுப்பு, கூடாரம் போன்ற பாரமானவை நடுவில், முதுகை ஒட்டி. மழைக் கோட்டு மேலே. இந்த நாட்டு மழைக்கு எல்லாவற்றையும் பையினுள்ளே ஒரு தடித்த பிளாஸ்ரிக் பையில் போடுவது நல்லது.

மொத்தப் பாரம் பிள்ளையின் நிறையில் காற்பங்கைத் தாண்டக் கூடாது. 48 கிலோ பிள்ளைக்கு 12 கிலோ. குளியலறைத் தராசில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை நிற்க விட்டுக் கழித்துப் பாருங்கள். கூடினால் அம்மா கடைசி நேரத்தில் வைத்த அச்சாறுப் போத்தலை முதலில் எடுத்துவிடலாம்.

வாங்குமுன் பாடசாலையை விசாரியுங்கள். பல பாடசாலைகள் பையையும் கூடாரத்தையும் இரவலாகத் தருகின்றன. இரவல் பையும் அதே அளவுப்படி பொருந்த வேண்டும். புறப்பட ஒரு கிழமைக்கு முன் நிறைத்த பையோடு மிச்சம் பொதுவெளியில் ஒரு மணித்தியாலம் பிள்ளையோடு நீங்களும் நடவுங்கள். எங்கே நோகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பட்டியைத் திருத்த நாளும் இருக்கும்.