விதிகள் பழங்குடிக்கு, கையொப்பம் வாஷிங்டனுக்கு

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் இருக்கிறது பைன் ரிட்ஜ். சியூ பழங்குடியின் ஒக்லாலா பிரிவினர் வாழும் ஒதுக்கீட்டு நிலப்பகுதி அது. 1936 ஜனவரியிலிருந்து அவர்களுக்கென எழுதப்பட்ட அரசியல் சட்டம் ஒன்று உண்டு. மக்கள் வாக்களித்துப் பழங்குடி அவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எனப் பொறுப்பாளர்கள் உண்டு. கூட்டம் நடத்துவதற்கும் உறுப்பினரைப் பதவி நீக்கம் செய்வதற்கும் துணை விதிகள் உண்டு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் குறையற்ற ஜனநாயகமாகவே இது தோன்றும்.

ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது அதனுள் வேறொரு விதியும் வைக்கப்பட்டது. அவையின் முக்கியமான தீர்மானங்களை அமெரிக்க அரசு நியமித்த கண்காணிப்பாளரிடம் அளிக்க வேண்டும். அவர் 10 நாட்களுக்குள் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். அவர் ஏற்றுக்கொண்டாலும், தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வாஷிங்டனில் உள்ள உள்துறைச் செயலர் அதை ரத்து செய்துவிடலாம். இந்தியாவின் உள்துறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் இது அரசு நிலங்களையும் கனிம வளத்தையும் பழங்குடி விவகாரங்களையும் ஒருசேரக் கையாளும் துறை. நிலத்தின் மீது கண் வைத்திருப்போர் முதலில் கதவைத் தட்டும் துறையும் அதுவே.

தன்னாட்சி என்பது தேர்தல் விதிகளில் இல்லை. இறுதிக் கையொப்பம் யாருடையது என்பதில்தான் இருக்கிறது. சியூ மக்களின் வரலாறு இதை ஐயத்திற்கு இடமின்றி எடுத்துக்காட்டுகிறது.

ஒப்பந்தமும் கொள்ளையும்

1868ஆம் ஆண்டு லாரமி கோட்டையில் அமெரிக்க அரசும் சியூ மக்களும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே பரந்த நிலப்பரப்பு சியூ மக்களுக்கே உரியது என்று அரசு ஏற்றுக்கொண்டது. வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஒப்புதலின்றி அதில் எந்தப் பகுதியையும் கைமாற்ற முடியாது என்று ஒப்பந்தம் கூறியது. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் தங்கம் இருப்பது 1874இல் தெரியவந்தது. 1877இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த மலைகளைச் சட்டம் போட்டுப் பறித்துக்கொண்டது. நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கினர்கூடக் கையெழுத்திடவில்லை. 1889இல் எஞ்சிய நிலமும் ஆறு துண்டுகளாக உடைக்கப்பட்டு, ஏறத்தாழ 90 லட்சம் ஏக்கர் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பைன் ரிட்ஜும் ஸ்டாண்டிங் ராக்கும் அத்துண்டுகளில் இரண்டு.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1887இல், டாஸ் சட்டம் வந்திருந்தது. கூட்டு உடைமையாக இருந்த பழங்குடி நிலத்தைத் தனித்தனி மனைகளாகப் பிரித்து, மிஞ்சியதை ‘உபரி’ என்று விற்க அது வழிசெய்தது. அன்று நாடு முழுவதும் பழங்குடியினரிடம் இருந்த சுமார் 13.8 கோடி ஏக்கர் நிலம் 1934க்குள் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. கூட்டு உடைமையைத் தனியுடைமையாக்குவதே நாகரிகம் என்று சொல்லி நடத்தப்பட்ட கொள்ளை இது.

1934: சீர்திருத்தமும் அதன் எல்லையும்

இந்தப் பின்னணியில்தான் ரூஸ்வெல்ட் ஆட்சியில் 1934 ஜூனில் இந்தியர் மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. பழங்குடி விவகார ஆணையர் ஜான் கோலியர் அதன் முதன்மைச் சிற்பி. சட்டத்தின் நற்பயனை மறுப்பது நேர்மையாகாது. நிலத்தை மனைகளாகத் துண்டாடுவது அதனால் நின்றது. பழங்குடியினர் தமக்கென அவைகளை அமைத்துக்கொள்ளவும் வழி பிறந்தது. ஆனால் பறிக்கப்பட்ட நிலம் திரும்பவில்லை. மேலிருந்து வழங்கப்படும் சீர்திருத்தம் அடித்தளத்தைத் தொடுவதில்லை என்பதற்கு இது இன்னொரு சான்று.

சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு பழங்குடியும் வாக்களிக்க வேண்டும். வாக்களிக்க வராதவர்களை ஆதரவாளர்களாக எண்ணும் வகையில் முதலில் அது நடைமுறைப்படுத்தப்பட்டது. சமவெளிப் பழங்குடியினரிடையே, உடன்பாடு இல்லாத கூட்டத்திற்குப் போகாமல் இருப்பதே எதிர்ப்பைத் தெரிவிக்கும் மரபு. அந்த எதிர்ப்பே ஆதரவாகக் கணக்கிடப்பட்டது. 1935இல்தான் நாடாளுமன்றம் இதைத் திருத்தியது. பைன் ரிட்ஜும் ரோஸ்பட்டும் சட்டத்தை ஏற்றன. ஸ்டாண்டிங் ராக் நிராகரித்தது.

லகோட்டா மக்களின் பழைய ஆட்சிமுறை ‘தியோஷ்பாயே’ எனப்படும் உறவுக் குழுக்களின் மீது எழுந்தது. மூத்தோர் பேசிப் பேசி ஒருமித்த முடிவுக்கு வருவார்கள். நம்பிக்கை இழந்த தலைவனை மக்கள் விட்டு விலகிவிடலாம். இரோகுவாய் பழங்குடியின் அவையில் ஆண், பெண் அனைவருக்கும் சம குரல் இருந்ததை 1884இல் எங்கெல்ஸ் வியந்து எழுதினார். அரசு இயந்திரம் இல்லாமலும் மனிதர்கள் தம்மை ஆண்டுகொள்ள முடியும் என்பதற்கு அவர் காட்டிய சான்று அது. சியூ மக்களின் மரபு இரோகுவாய் மரபிலிருந்து வேறுபட்டதாயினும், மக்களுக்கு மேலே நிற்கும் அதிகாரத்தை அதுவும் அறிந்திருக்கவில்லை. புதிய சட்டமோ சிறிய நிர்வாகக் குழுவொன்றின் கையில் அதிகாரத்தைக் குவித்தது. அரசுக்கும் நிறுவனங்களுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒருவரைச் சட்டம் உருவாக்கித் தந்தது.

பழங்குடி அவை தனக்கென வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம் என்றது 1934 சட்டம். ஆனால் எந்த வழக்கறிஞர், எவ்வளவு கட்டணம் என்பதற்கு உள்துறைச் செயலரின் ஒப்புதல் வேண்டும் என்றும் சொன்னது. அரசை எதிர்த்து வழக்காட, அதே அரசிடம் அனுமதி பெற வேண்டும்! அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கும் அவரது ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதலை இழுத்தடிக்கக் கூடாது என்று காலவரம்பு விதிக்கப்படுவதற்கே 1988 வரை காத்திருக்க நேர்ந்தது.

வூண்டட் நீ கேட்ட கேள்வி

இந்த அமைப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 1970களின் பைன் ரிட்ஜ் காட்டியது. 1972இல் தலைவரான டிக் வில்சன், அவையைக் கூட்டாமல் நிர்வாகக் குழுவை வைத்தே ஆள்கிறார், தனக்கென அடியாள் படை வைத்திருக்கிறார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. விதிப்படி அவரைப் பதவி நீக்கும் முயற்சி 1973 பிப்ரவரியில் தோற்றது. அதே மாதம் 27ஆம் நாள், மூத்தோரின் அழைப்பை ஏற்று, அமெரிக்க இந்தியர் இயக்கத்தினரும் ஒக்லாலா மக்களும் வூண்டட் நீ கிராமத்தைக் கைப்பற்றினர். 1890 டிசம்பர் 29 அன்று அமெரிக்க ராணுவம் லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கொன்று குவித்த மண் அது. 71 நாட்கள் முற்றுகை நீடித்தது. பழங்குடியினர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு தலைவரை மாற்றுவதோடு போராடியவர்களின் கோரிக்கை நிற்கவில்லை. 1868 ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும், 1934 சட்டம் தந்த ஆட்சிமுறைக்குப் பதிலாக மக்களின் மரபுவழி ஆட்சி திரும்ப வேண்டும் என்றனர்.

அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் வில்சன் வென்றதாக அறிவிக்கப்பட்டார். அத்தேர்தலில் பரவலான முறைகேடுகள் நடந்ததை அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையமே கண்டறிந்தது. உலகப்போர்க் காலத்தில், 1942இல், குண்டுவீச்சுப் பயிற்சிக்கென பைன் ரிட்ஜில் 3 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டிருந்தது. அதில் சுமார் 1,33,000 ஏக்கரைத் தேசியப் பூங்காத் துறையின் நிர்வாகத்தில் சேர்க்கும் உடன்படிக்கை, வில்சன் பதவியிலிருந்து இறங்கவிருந்த 1976 ஜனவரியில் கையெழுத்தானது. மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத அவை யாருக்குப் பயன்படுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கருவியைக் கைப்பற்றும் மக்கள்

இதனால் அந்த அவைகள் வெறும் பொம்மைகள் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஆதிக்கம் தன் தேவைக்காக உருவாக்கும் அமைப்பும் வர்க்கப் போராட்டத்தின் களமாக மாறும். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிளாக் ஹில்ஸ் நிலம் பறிக்கப்பட்டதற்காக சியூ மக்களுக்கு 10 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீடு வழங்குவதை உறுதி செய்தது. சியூ பழங்குடிகள் அதை வாங்க மறுத்தனர். வட்டியோடு சேர்ந்து அத்தொகை 100 கோடி டாலரைத் தாண்டிய பிறகும் தொடவில்லை. அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளில் ஒன்று பைன் ரிட்ஜ் என்பதை நினைவில் கொண்டால்தான் இந்த மறுப்பின் கனம் புரியும். ‘மலைகள் விற்பனைக்கு அல்ல’ என்பதே அவர்களின் நிலை.

ஸ்டாண்டிங் ராக்கிலும் இதுவே நிகழ்ந்தது. மிசௌரி ஆற்றில் கட்டப்பட்ட ஓவாஹே அணை அதன் வளமான ஆற்றங்கரை நிலங்களில் 50,000 ஏக்கருக்கும் மேல் மூழ்கடித்திருந்தது. அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் டக்கோட்டா எண்ணெய்க் குழாயைக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது, 2014 செப்டம்பரிலேயே பழங்குடி அவை நிறுவனத்தின் பிரதிநிதிகளிடம் நேருக்கு நேர் எதிர்ப்பைத் தெரிவித்தது. 2016இல் பல்லாயிரம் பேர் அங்கே திரண்டனர். தண்ணீர் பீய்ச்சியும் நாய்களை ஏவியும் அவர்கள் தாக்கப்பட்டனர். டிசம்பரில் மறுக்கப்பட்ட அனுமதி, டிரம்ப் பதவியேற்றதும் 2017 பிப்ரவரியில் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. பழங்குடியிடம் ‘கலந்தாலோசித்தோம்’ என்று அரசு சொன்னது. கலந்தாலோசனைக்கும் ஒப்புதலுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை அந்தக் குழாய் காட்டுகிறது.

இந்தியாவுக்கான எச்சரிக்கை

ஐந்தாவது அட்டவணையின் கீழான பழங்குடி ஆலோசனைக் குழு, பெயருக்கேற்ப ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும். இதற்கு மாறாக, 1996ஆம் ஆண்டின் பேசா சட்டமும் இடதுசாரிகளின் அழுத்தத்தோடு வந்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கிராம சபைக்கு உண்மையான அதிகாரத்தை நோக்கி அடியெடுத்து வைத்தன. 2013இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி நியமகிரியின் 12 கிராம சபைகள் கூடி, வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தது அந்த அதிகாரத்தின் வெளிப்பாடு. அதனால்தான் பெருமுதலாளிகளுக்கு அது உறுத்துகிறது. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைகள் தீர்க்கப்படும் முன்பே ஒன்றிய அரசு இறுதி ஒப்புதல் அளிக்க வழிதிறந்துவிட்டன. கிராம சபை இருக்கும், கூட்டம் நடக்கும், பதிவேட்டில் கையெழுத்தும் இருக்கும். முடிவு மட்டும் வேறிடத்தில் எடுக்கப்பட்டிருக்கும்.

பைன் ரிட்ஜுக்கு 1936இல் கொடுக்கப்பட்டது இதுவே. நிலத்தின் மீதும் வளத்தின் மீதும் இறுதிச் சொல் பழங்குடி மக்களுக்கே உரியது என்ற கோரிக்கையில் சமரசத்திற்கு இடமில்லை. கிராம சபையின் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் காப்பது, நாட்டின் ஜனநாயக சக்திகள் அனைத்தின் கடமையாகும்.