கழற்ற வேண்டும், கழலக் கூடாது

குடும்பத்தோடு வெளியூர் சென்று, மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்து, எல்லாரும் கூடி அமர்ந்து உண்பதில் உள்ள இன்பத்தை நாம் அறிவோம். அந்த இன்பத்திற்காக ஒருவர் படும் பாட்டையும் அறிவோம். உப்பு எந்தப் பையில், கரண்டி எந்தக் கூடையில், தீப்பெட்டி எங்கே என்று தேடித் தேடிக் களைப்பவர் பெரும்பாலும் வீட்டுத் தாயாகவே இருக்கிறார். மற்றவர்களுக்கு விடுமுறை கிடைக்கிறது. அவருக்கோ அடுக்களை மட்டும் இடம் மாறுகிறது.

இத்தொல்லைக்கு அமெரிக்க நாட்டுக் குடும்பங்கள் பல கண்டிருக்கும் தீர்வு ஒன்றை இத்திங்கள் காண்போம். அந்நாட்டில் பிக்கப் எனப்படும் சிறு சுமைவண்டி பல வீடுகளில் உண்டு. முன்னால் அமர்வதற்கு அறை இருக்கும். பின்னால் திறந்த தளம் இருக்கும். அத்தளத்தில் ஒரு மரப்பெட்டியை வைத்து, அதன் இழுப்பறையினுள் அடுப்பு, பாத்திரம், மளிகை அனைத்தையும் அடக்குகின்றனர். வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் தாழ்த்தி, இழுப்பறையை வெளியே இழுத்து, நின்றபடியே சமைக்கின்றனர். வீடு திரும்பியதும் பெட்டியை இறக்கி வைத்துவிடுகின்றனர்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1866-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்நைட் என்பவர் டெக்சாஸிலிருந்து நெடுந்தொலைவுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்லப் புறப்பட்டார். படையினர் பயன்படுத்திய வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தில் பல அறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். மாவு, காப்பிக்கொட்டை, அவரை விதை என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருந்தது. கீல் வைத்த மூடியைத் தாழ்த்தி ஒரு காலை ஊன்றினால் அதுவே சமையல் மேசையாயிற்று. பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. விறகு சுமக்க வண்டியின் அடியில் மாட்டுத்தோலைத் தொட்டில் போலக் கட்டுவதும் வழக்கமாயிற்று. 'சக் வேகன்' என்று பெயர் பெற்ற இவ்வண்டியை டெக்சாஸ் மாநிலம் 2005-இல் தன் அதிகாரபூர்வ வாகனமாக அறிவித்தது.

1925-இல் போர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் சரக்குத் தளம் அமைத்து, 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. மரமும் வைக்கோலும் ஏற்றும் உழைப்பாளி வண்டி அது. குட்நைட்டின் வண்டிக்குச் சமையல் ஒன்றே வேலை. பிக்கப் வண்டிக்கோ வாரம் முழுவதும் வேறு வேலை உண்டு. ஆகவே அதில் அமையும் அடுக்களை கழற்றக் கூடியதாய் இருத்தல் வேண்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் அளவு எடுத்தல். பெரிய பிக்கப் வண்டிகளின் தளம் ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என்று பல நீளங்களில் வருகிறது. சக்கரங்களின் மேல் உட்புறமாகப் புடைத்திருக்கும் மேடுகளுக்கு இடையே நான்கு அடிக்குச் சற்றே கூடுதலான இடம் இருக்கும். எனினும் பிறர் சொன்ன அளவை நம்பாமல், தம் வண்டியின் பின்கதவை மூடி வைத்தே அளத்தல் நன்று. இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் கொண்ட பெட்டி ஒரு சிறு குடும்பத்திற்குப் போதும். மீதி இடம் படுக்கைக்கும் துணிமணிக்கும் உதவும்.

அடுத்தது எடை. நான்கடிக்கு எட்டடியான முக்கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்று ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். ஆகவே பாரம் தாங்கும் பாகங்களுக்கு மட்டும் முக்கால் அங்குலமும், மற்றவற்றுக்கு அரை அங்குலமும் இடுவதே அறிவுடைமை. இழுப்பறையைத் தனியே எடுக்கும்படியும், பக்கங்களில் கை நுழையும் துளைகளோடும் செய்தால், வெறும் பெட்டியை இருவர் எளிதில் தூக்கலாம். தூக்க முடியாத பெட்டி, கழற்றக் கூடியது என்று பெயர் பெற்றும் பயனில்லை.

இழுப்பறை ஓடுவதற்குத் தச்சர்கள் 'சேனல்' என்று கூறும் எஃகுப் பட்டைகள் இரண்டு வேண்டும். கடையில் குறிக்கப்படும் தாங்குதிறன் பெரும்பாலும் இரண்டிற்கும் சேர்த்தே ஆகும். உள்ளே இருக்கும்போதும் முழுதும் வெளியே வந்தபின்னும் பூட்டிக்கொள்ளும் வகையே ஏற்றது. கொதிக்கும் குழம்பு அடுப்பில் இருக்கையில் இழுப்பறை தானே உள்ளே ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே பலர் எண்ணிப் பாராத ஓர் ஆபத்தைக் கூறுகிறோம். பெட்டிக்கூடு 25 கிலோ எனக் கொள்வோம். அதன் எடையின் மையம் பின்விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே இருக்கிறது. சாமான்களோடு கூடிய இழுப்பறை 40 கிலோ. அதை முழுதும் இழுத்தால் அதன் மையம் இரண்டடி வெளியே வந்துவிடும். உள்ளே 25, வெளியே 40. தராசைப் போலவே கனத்த பக்கம் தாழும். பெட்டி குடை சாயும். ஒரு குழந்தை அதன் மேல் கையூன்றினால் இன்னும் விரைவில் சாயும். ஆகவே பெட்டியின் முன்முனையை வண்டித் தளத்தோடு கீழ்நோக்கி இறுக்கிக் கட்டுதல் இன்றியமையாதது. இழுப்பறையின் வெளிமுனைக்கு ஊன்றுகால் ஒன்றும் வேண்டும்.

ஓடும்போதும் இதே கவலை உண்டு. பிரேக்கை அழுத்தி மிதித்தால், பெட்டியின் எடையில் பாதிக்கு மேற்பட்ட விசை அதை முன்னோக்கித் தள்ளும். மோதல் நேர்ந்தால் அவ்விசை எடையைப் போலப் பன்மடங்காகிவிடும். முன்னறையில் அமர்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா? வண்டித் தளத்தின் மூலைகளில் உள்ள கொக்கிகளுக்கும் பெட்டியின் நான்கு மூலைகளுக்கும் இடையே, டர்ன்பக்கிள் எனும் இரும்புத் திருகு இறுக்கிகளைப் பூட்ட வேண்டும். நீளும் ரப்பர்க் கயிறு இதற்கு உதவாது. அடியில் ரப்பர் விரிப்பு இட்டால் வழுக்காது. 20 லிட்டர்த் தண்ணீர் 20 கிலோ ஆகும். அதை இழுப்பறையில் ஏற்றாமல், தளத்தின் முன்புறத்தில் தாழ வைத்துக் கட்டுவதே முறை.

எரிவாயுவைப் பற்றியும் ஒரு சொல். அந்நாட்டு முகாம் அடுப்புகளில் பெரும்பாலும் புரோப்பேன் எரிகிறது. அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆகவே உருளையை நிமிர்த்தி வைத்து, ஓடும்போது அடுப்பிலிருந்து கழற்றி, அது இருக்கும் அறையின் அடிப்புறத்தில் காற்றுத் துளைகள் விட வேண்டும். மழை பெய்தாலும் குளிர் அடித்தாலும் மூடிய கூண்டுக்குள் அடுப்பு எரித்தல் ஆகாது. அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. உறங்குவோரை எழுப்பாமலே உயிரைப் பறிக்கும்.

இவ்வாறு அமைந்த பெட்டியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடங்களைத் தாய் மட்டும் அறிந்திருந்தால் போதாது. தந்தை அடுப்பை மூட்டட்டும். மகன் காய் நறுக்கட்டும். மகள் தட்டுகளை எடுத்து வைக்கட்டும். எல்லாம் கண்முன் இருக்கும்போது, 'எங்கே இருக்கிறது என்று தெரியாது' எனும் சாக்கு எவர்க்கும் இல்லை. பல ஆண்டுகளாக நின்றே பரிமாறியவர் அன்றேனும் அமர்ந்து உண்ணலாம்.

புறப்படுமுன் குடும்பத் தலைவர் வண்டியைச் சுற்றி வந்து, நான்கு மூலைகளையும் கையால் பற்றி ஆட்டிப் பார்க்கட்டும். ஆடினால் இறுக்கிய பிறகே வண்டியை எடுக்கட்டும். ஞாயிறு மாலை வீடு வந்து சேர்ந்ததும், திருகுகளைத் தளர்த்தும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். மறுநாள் வண்டி தன் வேலைக்குப் போகும். பெட்டி அடுத்த பயணத்திற்காகத் திண்ணையில் காத்திருக்கும்.