டேங்கில் இருக்கும் குழியை எடுக்க மாட்டேன்

என் புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் இடது பக்கம் ஒரு குழி இருக்கிறது. உள்ளங்கை அகலம். பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் தொடுகிறார்கள். தொட்டுவிட்டுக் கேட்கிறார்கள்: "இம்புட்டு செலவு பண்ணிருக்கீங்க, ஒரு டிங்கர்கிட்ட குடுத்து இதையும் எடுத்திருக்கலாமே தம்பி?" இரண்டு வருடமாக இதே கேள்வி. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். இப்போது கோபம் வருகிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி 1974-ஆம் வருடத்தது. திருவொற்றியூரில் செய்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்து வந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1970-ல் அங்கே தாய்க் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. இங்கே பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட்டுகள் அதே இங்கிலாந்துக்கே கப்பலேறிப் போயின. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் திமிர் வரும். மன்னிக்கவும்.

பெரியப்பா அதை வாங்கியபோது தேனி மாவட்டமே கிடையாது. போடிநாயக்கனூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் கணக்குப்பிள்ளை அவர். போடியிலிருந்து முந்தல் வந்து, போடிமெட்டு ரோட்டை விட்டுப் பிரிந்து குரங்கணிக்கு ஏறும் பாதையில் இந்த வண்டி இருபத்துநாலு வருடம் ஓடியது. அதற்கு மேலே கால்நடையும் கோவேறு கழுதையும்தான். குழியின் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஐப்பசி மழையில், கொட்டகுடி ஆற்றை ஒட்டிய வளைவில், பின்னால் காய்ந்த ஏலக்காய் மூட்டையோடு வண்டி சரிந்தது. பெரியப்பா மூட்டையைப் பிடித்தார், வண்டியை விட்டுவிட்டார். எஸ்டேட் சரக்கு நனைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். வண்டி பாறையில் போய் விழுந்தது. இந்தக் கணக்கு அந்தக் குழியில் இருக்கிறது. அதைத்தான் பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து மறைத்துவிடச் சொல்கிறார்கள்.

குரங்கணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2018 மார்ச் மாதக் காட்டுத்தீ ஞாபகம் வரும். இல்லையென்றால் மைனா படம். எங்களுக்கு அது ரோப்வே இறங்கிய ஊர். மூணாறுப் பக்கத்துத் தேயிலை குண்டளா வழியாகக் குட்டி ரயிலில் வந்து, டாப் ஸ்டேஷனில் கம்பியில் தொங்கி, மலைச்சரிவில் கீழே இறங்கி, அப்புறம் மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இயந்திரம் போனாலும் பெயர் போகவில்லை. மலையில் நடுவே இருக்கும் சின்ன ஊருக்கு இன்றைக்கும் 'சென்ட்ரல்' என்றுதான் பெயர். வெள்ளைக்காரன் போன பிறகும், கம்பி போன பிறகும், யாரும் அதை மாற்றவில்லை.

2020 ஊரடங்கில் வேலை வீட்டுக்கு வந்தபோதுதான் நான் ஸ்டோரைத் திறந்தேன். ஏலக்காய் உலர்த்தும் பழைய ஸ்டோர். இலவம்பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே தார்பாய் போர்த்திக் கிடந்தது வண்டி. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது எனக்கு. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே ஒரு எலிக் குடும்பம். மெத்தை மாதிரி இலவம்பஞ்சு. பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக் ஓட்டையில் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்தேன். தினமும் காலையில் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் ஒரு விரல்கடை நகர்ந்தது. பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

அப்புறம் வந்தது போல்ட் பிரச்சினை. நம் கடைகளில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் இந்த வண்டியில் பாதி போல்ட்டுகளுக்குச் சேராது. விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் மரை அளவு. தெரியாமல் பதினாலாம் நம்பர் போட்டுத் திருகி மூன்று போல்ட்டின் மூலையை மழுக்கினேன். கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் எடை போட்டு விற்கும் இரும்புக் குவியலில் ஒரு பழைய செட் கிடைத்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. டீகம்ப்ரஸரை அழுத்திக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவே வரும்வரை கிக்கரை நகர்த்தி, விட்டுவிட்டு, அப்புறம்தான் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்காலில் ஒரு வாரம் நீலம் பூத்திருக்கும். போடியில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: "அதுகிட்ட கேட்டுட்டு உதைக்கணும் தம்பி."

இனி என் குற்றம். பிறரைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வீடியோக்கள் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. எல்லாவற்றையும் கழற்று, சட்டத்தை உரி, சாண்ட் பிளாஸ்டிங் செய், பவுடர் கோட்டிங் அடி. சட்டம், மட்கார்டு, பக்கவாட்டு டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியூரில் ஒரு கடையில் போட்டேன். டேங்கில் அடியில் ஓட்டை இருந்ததால் அது மட்டும் பற்றவைக்க உள்ளூரில் தங்கியது. பத்து நாளில் எல்லாம் பளபளவென்று வந்தது. வீட்டு வாசலில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வந்தார். டூல் பாக்ஸ் மூடியை எடுத்து உள்பக்கம் திருப்பினார். மறுபடி இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"இதுல எழுதிருந்தது எங்கடா?"

பெரியப்பா ஆயில் மாற்றிய தேதிகளை அந்த மூடியின் உள்பக்கம் ஆணியால் கீறி வைத்திருக்கிறார். இருபத்துநாலு வருடத்துத் தேதிகள். இடையிடையே வேறு குறிப்புகளும் உண்டாம்: அக்கா பிறந்த நாள், ஒரு கடன் தொகை, எஸ்டேட்டில் யானை வந்த நாள். நான் துரு என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. கழற்றும்போது எடுத்த ஒரு மங்கல் படத்தில் மூடியின் ஓரம் தெரிகிறது. அதில் இரண்டு வரி படிக்கலாம். மிச்சம் மணலோடு போயிற்று. கடைக்காரர் மேல் தப்பில்லை. நான் சொன்னதை அவர் சரியாகச் செய்தார். பெரியம்மா திட்டவில்லை. மூடியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாண்ட் பிளாஸ்டிங் என்ற வார்த்தையை அதற்கு முன்னால் நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று அன்றிரவு ஞாபகம் வந்தது. கோயில்களில். திருப்பணி என்று சொல்லிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்கக் கருங்கல் தூண்கள் மேல் மணலை வீசினார்கள். பிசுக்கோடு கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் விரல் நகமும் போயின. தொல்லியல் தெரிந்தவர்கள் கத்தினார்கள், கடைசியில் அரசே தடை போட வேண்டிவந்தது. அதைப் படித்துவிட்டு ஆத்திரப்பட்டு நானும் பதிவு போட்டிருக்கிறேன். பிறகு அதே மெஷினுக்குக் காசு கொடுத்து என் வீட்டுக் கல்வெட்டை அழித்தேன். நமக்குப் பழசின் மேல் பக்தி உண்டு, பழசாக இருப்பதைத்தான் சகிக்க முடியாது. ஆயிரம் வருடக் கோபுரத்துக்குப் போன மாதம் அடித்த மாதிரி எனாமல் வேண்டும். பாட்டியின் வெண்கலப் பானையை உரசி உரசிக் கண்ணாடியாக்கி வரவேற்பறையில் குடை வைக்க வேண்டும். புல்லட்டை ஷோரூமிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்க வேண்டும்.

ரீல்ஸில் 'ரெஸ்டோரேஷன்' என்று வருவதைப் பாருங்கள். முதல் நொடியில் துரு, கடைசி நொடியில் குரோம், நடுவில் பாட்டு. அந்த வண்டி யார் வீட்டுத் திண்ணையில் நின்றது, யாரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, ஏன் நின்றுபோனது? ஒரு கேள்வி கிடையாது. வண்டியை விற்றவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் வராது. எங்கள் ஊருக்கே மூன்று முறை ஆள் வந்தார். மலையடி வீடுகளில் கிடக்கும் ஜாவா, ராஜ்தூத், புல்லட்டுகளை 'இரும்புக்குப் போகும்' என்று சொல்லி எடை விலைக்கு எடுத்துப்போவார்கள். சட்டம் ஒரு வண்டி, இன்ஜின் ஒரு வண்டி, டேங்க் இன்னொரு வண்டி என்று மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கி, நகரத்தில் லட்சங்களில் விற்பார்கள். வாங்குகிறவர் அதை 'பாரம்பரியம்' என்பார். யாருடைய பாரம்பரியம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இந்த மனப்பான்மைக்குச் சட்டமும் ஒரு சீல் குத்தியிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு புது எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபடி புதுப்பிக்க 5,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். என் வண்டிக்கு 2024-ல் ஐம்பது வயது ஆனது. நண்பர்கள் போன் மேல் போன்: "டேய், வி.ஏ. நம்பர் வாங்குடா, கெத்தா இருக்கும்." போடியிலிருந்து குரங்கணிக்கு வாழைத்தாரும் மண்ணெண்ணெயும் ஏற்றிய வண்டியை, கயிறு கட்டிய மேடையில் நிறுத்தி, கேரவனில் ஏற்றிப் பேரணிக்குக் கொண்டுபோய், கொடியசைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் மாதிரி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்று பழைய எண்ணையே புதுப்பித்துக்கொள்கிறேன். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 300 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கினார்கள். தாமதமானால் மாதத்துக்கு 300 அபராதம் வேறு. வீட்டுக்குப் பின்னால் தாத்தா வண்டியை வைத்திருக்கும் ஒரு ஏலத்தோட்டக் கூலிக்காரர் பல வருடத்து அபராதத்தைக் கூட்டிப் பார்த்தால், இரும்புக்காரனைத்தான் கூப்பிடுவார்.

சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் பல வண்டிகள் உருகியே போயிருக்கும் என்பது உண்மை. சிலர் முப்பது நாற்பது வருடமாக, யாரும் மதிக்காத காலத்திலிருந்தே, சொந்தக் காசில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வயதும் இல்லை, அனுபவமும் இல்லை. துருவைக் கும்பிடச் சொல்லவும் இல்லை. என் வண்டியில் பிரேக் ஷூ புதுசு, டயர் புதுசு, செயின் புதுசு, வயரிங் முழுக்கப் புதுசு. சிலிண்டரை போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டியிருக்கிறேன். முந்தல் இறக்கத்தில் பழைய பிரேக்கை வைத்துக்கொண்டு பாரம்பரியம் பேச முடியாது, கீழே பள்ளம். தேய்வதற்கென்றே செய்த பொருள் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். பெரியப்பாவும் அதைத்தான் செய்தார், தேதி போட்டுச் செய்தார். முழங்கால் உரசி உரசி டேங்கில் கறுப்பு போய் இரும்பு தெரிகிற இடம் இருக்கிறதே, அது தேய்மானக் கணக்கில் வராது. அதன் மேல் மெல்லிசாக ஆயில் தடவித் துடைக்கிறேன், துரு ஏறாமல் இருக்க. அவ்வளவு போதும்.

கைவேலை பற்றி ஒன்று. அந்த டேங்கின் தங்கக் கோட்டை யாரோ ஒருவர் கையால் இழுத்திருக்கிறார். அளவுகோல் இல்லாமல், ஒரே மூச்சில், அணில் முடித் தூரிகை மாதிரி மெல்லிய ஒன்றால். வலது பக்கக் கோட்டுக்கும் இடது பக்கக் கோட்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் உண்டு. ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த நூல் வித்தியாசம் இருக்காது. திருவொற்றியூரில் 1974-ல் ஒரு நாள் காலையில் டீ குடித்துவிட்டு வந்து அந்தக் கோட்டை இழுத்த ஆளும் சேர்ந்தே போய்விடுவார். நாம் தமிழில் கைத்தறி பற்றி, ஓலைச்சுவடி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். தொழிற்சாலைத் தொழிலாளியின் கையெழுத்து மட்டும் எழுத்தாகத் தெரிவதில்லை.

போன வாரம் பெரியம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் குரங்கணிக்குப் போனேன். ஆற்று வளைவு வந்ததும் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பாறையைப் பார்த்தார். "இதில்ல, அடுத்தது" என்றார். அடுத்த பாறையிலும் நின்றோம். "இதுவும் இல்லபோல" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். திரும்பி வந்து ஸ்டாண்ட் போட்டபோது கிராங்க் கேஸுக்கு அடியில் வழக்கம்போல நான்கு சொட்டு ஆயில். இந்த வண்டிக்கு ஆயில் தொட்டி தனியாகக் கிடையாது, கிராங்க் கேஸிலேயே ஓர் அறை. அதனால் எங்காவது ஒரு கேஸ்கெட் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். "அவரு இருந்தப்பவும் இப்புடித்தான் ஒழுகும், கீழ சட்டி வையி" என்றார். சட்டி வைத்தேன்.